எங்கள் டீம் பாண்டிக்குப் போன சனிக்கிழமை

எங்கள் டீம் ஊரைவிட்டுப் போனபோது எனக்குப் பத்து வயது. அதற்கு முன்பும் போயிருக்கிறார்கள். திண்டிவனத்துக்கு, செங்கல்பட்டுக்கு, ஒருமுறை மெட்ராஸுக்கே போய், ஜெயித்தோ தோற்றோ மறுநாள் அதே உப்பு லாரியில் திரும்பி வந்திருக்கிறார்கள். திரும்பி வராமல் இருப்பதற்கென்றே ஒரு டீம் கிளம்பிப் போக முடியும் என்பது எனக்குத் தெரியாது. ஊர்க் குளம் இடம் மாறிப் போகுமா? அந்த வரிசையில்தான் டீமையும் வைத்திருந்தேன்.

மரக்காணத்து உப்பளத்தில் ஒரு முதலாளி வைத்திருந்த கால்பந்து டீம் அது. அவருக்குப் பந்தின் மேல் ஆசை. பதினான்கு பேரை அங்குமிங்குமாகப் பொறுக்கிச் சேர்த்து, உப்பளத்து ஆட்கள் என்று பேர் எழுதிச் சம்பளம் கொடுத்தார். காலையில் இரண்டு மணி நேரம் கிடங்கில் ஏதோ வேலை செய்வதுபோல நிற்பார்கள். மற்ற நேரமெல்லாம் ஓட்டமும் பந்தும்தான். கிடங்கை ஒட்டிய கொட்டகையில்தான் எல்லாரும் தங்கினார்கள். கிடங்குக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இறுகிக் கிடந்த களர் நிலம்தான் மைதானம். கோல் கம்பம் சவுக்கு மரம். வலை, குப்பத்து மீனவர்கள் கழித்துப் போட்ட வலை. கோடு போடச் சுண்ணாம்பு எதற்கு என்று உப்பையே தூவிக் கோடு போட்டார்கள். அந்தத் தரையில் விழுந்து முட்டி சிராய்க்கும் வெளியூர் ஆட்டக்காரர்கள் அலறுவார்கள். எங்கள் ஆட்கள் அலறமாட்டார்கள். பாதி ஆட்டத்தை நாங்கள் அதிலேயே ஜெயித்துவிடுவோம்.

அந்த டீமில் இடப்பக்கம் முன்னால் ஆடியவர் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. பதினான்கு பேரில் எங்கள் ஊர்க்காரர் அவர் ஒருவர்தான். அவருடைய இடது காலைப் பற்றி ஊரில் பேசாதவர்கள் இல்லை. சொந்தத்தில் ஒரு காலுக்கு மட்டும் அவ்வளவு மரியாதை இருந்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஊருக்கு டீமைப் பிடித்ததற்கு ஆட்டம் மட்டும் காரணம் இல்லை. கோடையில் உப்பளத்துக்கு லீவு கிடையாது. வெயில் இருக்கும்வரை உப்பு விளையும், விளைந்ததை வாராமல் விட முடியாது. ஏழு நாளும் வேலை. ஆனால் வெளியூர் டீம் ஆட வரும்போது கூட்டம் இல்லாவிட்டால் முதலாளிக்கு அவமானம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போகிறவர்கள் திரும்பி வேலைக்கு வர வேண்டாம், நேராக மைதானத்துக்கு வந்து கை தட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார். நாலு வருஷத்தில் அது வழக்கமாகிப்போனது. ஆட்டம் இல்லாத ஞாயிற்றிலும் குப்பத்துப் பையன்களைக் கூட்டி வந்து ஒரு பயிற்சி ஆட்டம் வைத்துவிடுவார்கள். கூட்டத்தில் ஆண்கள்தான் அதிகம். பெண்கள் பாதிப் பேர் வரமாட்டார்கள். அம்மாவும் வரமாட்டாள். உப்புநீரில் நின்று நின்று வெடித்துப்போன கால்களில் எண்ணெய் தடவி, சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு தூங்குவாள். தன் தம்பி கோல் போட்டானா என்பதை மைதானத்துச் சத்தத்திலிருந்தே தெரிந்துகொண்டு, கண்ணைத் திறக்காமலே சிரிப்பாள்.

அந்த வருஷம் சித்திரை மாதத்தில், உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த சமயத்தில், கணக்குப்பிள்ளை மைதானத்துக்கு வந்து சேதி சொன்னார். முதலாளி பாண்டிச்சேரியில் ஒரு நூல் மில்லில் பங்கு வாங்கிவிட்டார். டீம் இனிமேல் அந்த மில்லின் டீம். பேரும் மாறும், சட்டையும் மாறும், ஊரும் மாறும்.

ஏன் என்று கேட்டதற்குக் கணக்குப்பிள்ளை விரல்விட்டுக் காரணங்கள் சொன்னார். இங்கே மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை. சுவர் இல்லாவிட்டால் டிக்கெட் போட முடியாது. ஜனங்கள் உப்பு அம்பாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து ஓசியில் பார்க்கிறார்கள், அம்பாரமும் சரிகிறது. பஸ் வசதி இல்லை என்று மெட்ராஸ் டீம்கள் வர மறுக்கின்றன. பாண்டியில் சுவர் வைத்த மைதானம் இருக்கிறது, உட்காரப் படிக்கட்டு இருக்கிறது, காசு கொடுத்துப் பந்து பார்க்கிற ஜனம் இருக்கிறது. நல்ல டீமை இந்தப் பொட்டல் வெளியில் எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்டார். அதுவரை எங்கள் ஊரைப் பொட்டல் வெளி என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

அப்பா உப்பு மூட்டை ஏற்றும் ஆட்களில் மூத்தவர். நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனார். டீமை நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் போனார் என்று நான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு. டீம் போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை அரை நாளை எங்களுக்கே விட்டுவிடுவதாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஆட்டமே இல்லாத ஞாயிற்றுக்கு அரை நாள் எதற்கு என்று முதலாளி திருப்பிக் கேட்டாராம். கேட்டுவிட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பைத்தான் அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து உப்பளத்தில் ஒரு பேச்சு ஓடியது. எழுதிக் கொடுக்கும்வரை டீமை ஊரைத் தாண்ட விடக் கூடாது. முதலாளிக்கு வலிக்கிற இடம் உப்பு இல்லை, டீம்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்போதும் வாசலிலேயே என்னைத் தூக்கிச் சுற்றுகிறவர், அன்றைக்கு நேராக உள்ளே போய் உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டாள். அப்பா எதிரில் உட்கார்ந்தார். மாமா சோற்றைத் தொடவில்லை.

"மாமா, கொஞ்சம் கேளுங்க," என்று அவர் அப்பாவிடம் சொன்னார். "எனக்கு இருபத்தாறு ஆவுது. இன்னும் நாலு வருஷம் ஓடுவேனா? அப்புறம் இந்தக் காலு எங்க நிக்கும்? உப்புலதான் நிக்கும். மில்லுல அப்படி இல்ல. ஆட்டம் நின்னாலும் வேலை நிக்காது. எழுதிக் குடுக்கறாங்க."

"உனக்கு எழுதிக் குடுக்கறாங்க. எங்களுக்கு யாரு எழுதிக் குடுக்கறாங்க?" என்றார் அப்பா. "அரை நாளு உங்க ஆட்டத்தோட வந்துது. உங்களோடயே போவுது. அவரு வாயாலயே சொல்லிட்டாரு."

"அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

"ஒண்ணும் பண்ணாத. போவாம இரு. ஒரு மாசம் இரு போதும். எழுதிக் குடுத்ததும் நானே உன்ன பஸ் ஏத்தி விடறேன்."

"திங்கக்கிழமை காலையில மில்லு கேட்டுல போய்க் கையெழுத்துப் போடணும் மாமா. போடலன்னா அந்த எடத்துல வேற ஆளு. மெட்ராஸ்ல வரிசையா நிக்கறானுங்க."

"அப்ப இங்க இருக்கறவங்க எப்படிப் போனா உனக்கின்னா?"

மாமா எழுந்துவிட்டார். கை படாத சோறு அப்படியே இருந்தது. அம்மா வாசல்வரை பின்னால் போனாள். அந்தச் சோற்றை நான்தான் சாப்பிட்டேன். இருவரில் யார் பக்கம் சேர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா பேசும்போது அப்பா சொல்வது சரியாக இருந்தது, மாமா பேசும்போது மாமா சொல்வது சரியாக இருந்தது. பெரியவர்கள் இப்படி ஆளுக்கொரு பக்கம் சரியாகப் பேசினால் சின்னவர்கள் என்னதான் செய்வது?

சனிக்கிழமை மதியம் கஞ்சிக்கு வந்தவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை. மூட்டை ஏற்றும் ஆட்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று மணிக்கு லாரி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உப்பளத்திலிருந்து லாரி வெளியே போக மதகைத் தாண்டும் ஒரே ரோடுதான். டீம் ஆட்கள் பதினான்கு பேரும் பெட்டி படுக்கையோடு அதில் ஏறப் போகிறார்கள். வீட்டுக்கு வந்தவர்களில் நெட்டைச் சித்தப்பாவும் இருந்தார். அவர் எனக்குச் சொந்தச் சித்தப்பா இல்லை. எல்லாரையும்விட ஒரு தலை உயரம் என்பதால் அந்தப் பேர். ஆட்டம் நடக்கும் நாளில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு காட்டுவார். மாமா கோல் போட்டால் அவர் குதிக்கிற குதியில் நான் கீழே விழாமல் இருக்க அவருடைய காதைப் பிடித்துக்கொள்வேன். ஊரிலேயே மாமாவின் பெரிய ரசிகர் அவர்தான்.

அவர்தான் அன்றைக்கு அப்படிச் சொன்னார்.

"லாரிய நிறுத்தினா போதுமாண்ணே? எறங்கி நடந்து பூடுவானுங்க. ஒருத்தன் கால்ல ஒரு போடு போட்டா மத்தவன் தானா திரும்புவான்."

"எவன் கால்ல?" என்று இன்னொருவர் கேட்டார்.

"எவன் காலு போனா மில்லுக்காரன் அழுவானோ, அவன் கால்ல."

யாரும் பேர் சொல்லவில்லை. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா அவரை அதட்டுவார் என்று நான் காத்திருந்தேன். என்னை எத்தனையோ சின்ன விஷயத்துக்கெல்லாம் அதட்டுகிறவர்தான். அன்றைக்கு அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை அவர்கள் வாசலுக்கு வெளியே போய், அடுப்படிச் சன்னல் பக்கம் நின்றுதான் பேசினார்கள்.

அடுப்படியில் இருந்த அம்மா அவசரமாக அலுமினியத் தூக்கில் சோற்றைப் போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் குழம்பு தூக்கின் விளிம்பில் வழிந்தது. முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"மாமா கொட்டகையில இருக்கும். இத குடுத்துட்டு வா. சாப்புடாமக் கெளம்பக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

சரி என்று திரும்பினேன். தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தா பாரு. மதகுகிட்ட ஆளுங்க கொம்போட நிக்கறாங்கன்னு மாமாகிட்ட சொல்லிடாத. இன்னா?"

"சொல்ல மாட்டேன்."

"குப்பத்துப் பக்கம் யாரும் நிக்கலன்னும் சொல்லாத."

"சொல்ல மாட்டேம்மா."

"இன்னா சொல்லக் கூடாது? சொல்லு பாப்போம்."

நான் ஒப்பித்தேன். மதகுகிட்ட ஆளுங்க கொம்போட நிக்கறாங்க, குப்பத்துப் பக்கம் யாரும் நிக்கல. அம்மா இன்னொரு முறை ஒப்பிக்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பாடத்தைக்கூட அவள் என்னை அப்படிக் கேட்டதில்லை. என்னையும் ஒரு பெரிய மனுஷியாக மதித்து ரகசியத்தைச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை வாசலைத் தாண்டி நூறடி நடப்பதற்குள் பயமாக மாறிவிட்டது.

உப்பளத்து வரப்புகளின் மேல்தான் வழி. இரண்டு பக்கமும் பாத்திகளில் நீர் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. பாதி தூரத்தில், எதிரே வரப்பின் மேல் நெட்டைச் சித்தப்பா வந்தார். தோளில் ஒரு நீளமான சவுக்குக் கொம்பு. வரப்பு ஒருவர் நடக்கிற அகலம்தான். நான் நின்றுவிட்டேன்.

"எங்க போற?"

"மாமாவுக்குச் சோறு."

அவர் தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தார். சோற்றைக் கொம்பின் நுனியால் கிளறிவிடுவாரோ என்று தோன்றியது. கிளறவில்லை. மூடியைப் போட்டு அழுத்தினார்.

"உங்கம்மா வேற எதாச்சும் சொல்லி அனுப்பிச்சா?"

"சாப்புடாமக் கெளம்பக் கூடாதுன்னு சொல்லச் சொல்லிச்சு."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். தோளில் ஏற்றிக்கொண்டு குதிக்கும்போது அவருடைய முகத்தை நான் பார்த்ததில்லை, உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் அது வேறு யாரோ ஒருவருடைய முகமாக இருந்தது. பிறகு ஒரு காலைப் பாத்திக்குள் இறக்கி எனக்கு வழிவிட்டார். ஓடாமல் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் இன்னும் நிற்பது எனக்குத் தெரிந்தது.

கொட்டகை வாசலில் லாரி நின்றது. பின்பக்கத்தில் தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருள்களும் ஏறிவிட்டன. ஆட்டக்காரர்கள் பூட்ஸைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அங்குமிங்கும் நின்றார்கள். மாமா என்னைப் பார்த்ததும் உள்ளே கூட்டிப்போய்த் தூக்கை வாங்கி, அங்கேயே குந்தி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். முந்தின நாளும் சாப்பிட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது. அவருடைய இடது கால் என் பக்கமாக நீண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டிக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. அந்தத் தழும்புக்கு மேலே அடிப்பார்களா, கீழே அடிப்பார்களா என்ற நினைப்பு வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, நீ லாரியில போவாத."

"ஏன்?"

"சொல்லக் கூடாது."

"யாரு சொல்லக் கூடாதுன்னது?"

"அம்மா."

மாமாவின் கை சோற்றிலேயே நின்றது. "இன்னா சொல்லக் கூடாதுன்னா உங்கம்மா?"

அழுகை வந்துவிட்டது. "மதகுகிட்ட ஆளுங்க கொம்போட நிக்கறாங்கன்னு சொல்லக் கூடாதாம்."

அவர் தூக்கைக் கீழே வைத்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார். "வேற ஏதாச்சும் சொல்லக் கூடாதுன்னாளா?"

"குப்பத்துப் பக்கம் யாரும் நிக்கலன்னும் சொல்லக் கூடாதாம்."

மாமா கையைத் தூக்கிலேயே கழுவினார். ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் சிரிக்கிறார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. என் தலையில் கையை வைத்து ஒரு முறை அழுத்தினார். "வந்த வழியாவே வீட்டுக்குப் போ. ஓடாத" என்றார். வெளியே போய் மற்றவர்களிடம் இரண்டே வார்த்தை சொன்னார். டிரைவரிடம் ஏதோ கேட்டார், டிரைவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் இரண்டிரண்டு பேராக, குளிக்கப் போகிறவர்கள் மாதிரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கிடங்குக்குப் பின்பக்கமாகக் குப்பத்துப் பக்கம் நடந்தார்கள். கடைசியாகப் போனவர் மாமா. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வந்த வழியாகப் போகச் சொன்னார் மாமா. நான் போகவில்லை. அந்த வரப்பில் மறுபடியும் நெட்டைச் சித்தப்பா எதிரே வருவாரோ என்று பயந்து ரோட்டு வழியாகப் போனேன். அந்த வழியில்தான் மதகு இருக்கிறது என்பது மதகைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மதகு மேல் இருபது முப்பது பேர் நின்றார்கள். நடுவில் அப்பா. திரும்பி ஓடலாம் என்றால் பின்னால் லாரியின் சத்தம் கேட்டது. ஓரமாக ஒதுங்கி நின்றேன். லாரி என்னைத் தாண்டிப்போய் அவர்களுக்கு முன்னால் நின்றது.

நெட்டைச் சித்தப்பா கொம்போடு பின்பக்கம் தாவி ஏறினார். ஏறினவர் அப்படியே நின்றார்.

"பொட்டிதான் இருக்குது! ஆளு ஒருத்தனும் இல்ல!"

கூச்சல் கிளம்பியது. யாரோ ஒரு கல்லை எறிந்தார்கள். லாரியின் முன்விளக்குக் கண்ணாடி உடைந்து சிதறியது. இரண்டு பேர் டிரைவரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். அவர் வயசானவர். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிக்கொண்டே தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டார். அப்பா நடுவில் புகுந்து இரண்டு பேரையும் தள்ளிவிட்டார். "ஏம்பா, கூலிக்கு வண்டி ஓட்டறவன் மேல கை வெக்கறதுக்கா வந்தோம்?" என்று கத்தினார்.

அப்போது ஒருவர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் பார்த்தார். கடைசியில் எல்லாரும் என்னையும் என் கையிலிருந்த காலித் தூக்கையும் பார்த்தார்கள். கூச்சல் நின்றுவிட்டது. அந்த அமைதி கல்லெறிந்ததைவிடப் பயமாக இருந்தது.

"மாமா எங்க?" என்று அப்பா கேட்டார்.

"குளிக்கப் போச்சு."

"எங்க குளிக்க?"

நான் தூக்கைப் பார்த்தேன். பதில் சொல்லத் தேவைப்படவில்லை. லாரியின் மேல் நின்ற நெட்டைச் சித்தப்பா உயரத்திலிருந்து பார்த்துவிட்டார். "அதோ! கழியில!" என்று கத்திக்கொண்டு குதித்து, பாத்திகளுக்குள் இறங்கி ஓடினார். நாலைந்து பேர் அவர் பின்னால் ஓடினார்கள். உப்பங்கழியின் நடுவில் இரண்டு தோணிகள். அவற்றில் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தது வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தது. கரைக்குப் போவதற்குள் தோணிகள் அக்கரையை நெருங்கிவிடும் என்பது ஓடுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஓடினார்கள். நெட்டைச் சித்தப்பா தண்ணீர் ஓரத்தில் நின்று கொம்பைத் தூக்கி எறிந்தார். அது பக்கத்திலேயே விழுந்தது. பிறகு அவர் மாமாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆட்டத்தில் மாமாவிடம் பந்து வரும்போது கூப்பிடுவாரே, அதே மாதிரிதான் கூப்பிட்டார். ஒரு முறை, இரண்டு முறை. அப்புறம் சேற்றில் உட்கார்ந்து சின்னப் பையன் மாதிரி அழுதார்.

அப்பா மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். தோணிகள் அக்கரையில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். லாரியைப் போகச் சொன்னார். பெட்டிகளை இறக்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, "துணிமணிய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?" என்றார். பிறகு என் கையிலிருந்த தூக்கை வாங்கித் தானே எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் போனேன். வழியெல்லாம் அடி விழும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டில் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அப்பா தூக்கை அவள் முன்னால் வைத்தார்.

"உன் தம்பி தோணியில போயிட்டான்."

அம்மாவின் விரல் அரிசியில் நின்றது. "அடி கிடி…?"

"ஒண்ணும் இல்ல. போயிட்டான்." அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ எதாச்சும் சொன்னியா?"

"சொன்னேன்" என்றேன். அதற்குள் விம்மல் வந்துவிட்டது. "அம்மா சொல்லாதன்னுதான் சொல்லிச்சு. நான்தான் சொல்லிட்டேன்."

அப்பா என்னை அடிக்கவில்லை. அம்மாவைத்தான் திட்டினார். "சின்னப் புள்ள காதுல எதுக்கும்மே எல்லாத்தையும் போட்டு வெக்கற? அதுக்கு வாயில நிக்குமா?" என்றார். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ஓட்டை வாய் என்று பேர். கல்யாணமாகிப் போகும்வரை அந்தப் பேர் இருந்தது.

மாமா மில்லில் கையெழுத்துப் போட்டார். வேறு பேரில், வேறு சட்டையில், அங்கே நாலு வருஷம் ஆடினார். முட்டி போன பிறகு அதே மில்லில் நூல் கட்டும் பகுதியில் வேலை பார்த்தார். அவர் சொன்னபடியே நடந்தது. அப்பா சொன்னபடியும் நடந்தது. மைதானத்தைப் பாத்திகளாக வெட்டிவிட்டார்கள். உப்பால் கோடு போட்ட இடத்தில் உப்பே விளைந்தது. அரை நாளைத் திரும்ப வாங்குவதற்கு அப்பாவும் மற்றவர்களும் இரண்டு கோடைக்காலம் போராடினார்கள். ஒரு முறை பதினைந்து நாள் வேலைக்கே போகாமல் இருந்தார்கள். அந்தப் பதினைந்து நாளும் கஞ்சியைத் தவிர வேறு எதையும் நாங்கள் பார்க்கவில்லை. கடைசியில் கிடைத்தது. மாமா எங்கள் வீட்டு வாசலை மிதிக்க அதற்கும் மேலே ஒரு வருஷம் ஆனது. வந்தபோது அப்பா, "சாப்ட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர்களுடைய சமாதானம்.

எனக்கு மறக்காதது, டீம் போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மதியம் அம்மா கஞ்சி குடிக்க வந்தாள். குடித்து முடித்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுக்க நான் தயாராக நின்றேன். முந்தின நாள் செய்த தப்புக்கு ஏதாவது செய்து அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று எனக்கு இருந்தது. அப்போது கிடங்கில் வேலைக்குக் கூப்பிடத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை யாரோ அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அம்மாவும் எழுந்து தலைக்குச் சும்மாடு சுற்றினாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமம்மா" என்றேன்.

"தெரியும்."

அவளுக்கு என்மேல் கோபம், அதனால்தான் வீட்டில் இருக்காமல் போகிறாள் என்று நினைத்தேன். பின்னாலேயே ஓடி, வரப்பு ஆரம்பிக்கிற இடத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் நீ சொல்லாதே என்றால் சத்தியமாக யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அழுதேன். அம்மா நின்றாள். சுற்றிலும் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அன்றைக்கு அரை நாள் போயிருந்தது. அவள் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "நீ சரியாத்தான் சொன்ன" என்றாள்.

பிறகு வெடித்த கால்களோடு உப்புநீரில் இறங்கினாள். முதல் அடியில் உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டு வந்தவளிடம், சரியாகச் சொன்னாய் என்று ஏன் சொல்கிறாள் என்று விளங்காமல், அவள் தூரத்தில் மற்ற பெண்களோடு ஒன்றாகிப் போகும்வரை வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தேன்.